பன்னீரும் ஒரு கருப்பு மொச்சையும்

ரிஸ்தோரோவுக்கு லத்தீன் தெரியாது. ஆர்னோ ஆற்றுக்குத் தென்கரையில் கம்பளிப் பட்டறையில், எண்ணெய்ப் பிசுக்கேறிய இரும்புச் சீப்பைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவனுக்கு லத்தீன் எதற்கு? ஆனால் ஆசை யாரை விட்டது. மத்தியானம் மற்றவர்கள் ரொட்டியும் வெங்காயமும் தின்றுவிட்டுச் சுவரோரம் கண்ணயரும் நேரத்தில் அவன் பாலத்தைத் தாண்டித் துறவிகள் மடத்துக்கு ஓடுவான். அங்கே பாடம் நடக்கும்போது சாதாரண ஜனங்களும் பின்னால் நின்று கேட்கலாம். நின்று கேட்டான். பத்தில் ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. இருந்தாலும் அந்த வாதம் போகிற போக்கு அவனுக்குப் பிடித்திருந்தது. முதலில் 'அப்படி இல்லை என்றுதான் தோன்றுகிறது' என்று ஆரம்பித்து, அதற்கு நாலு காரணம் சொல்வார்கள். பிறகு 'ஆனால் இதற்கு எதிராக' என்று ஒரு போடு போடுவார்கள். கடைசியில் ஆசான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு 'நான் சொல்கிறேன்' என்று எழுந்து, அந்த நாலு காரணத்தையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் போடுவார். சிக்குப் பிடித்த கம்பளியைச் சீவி நேராக்குகிற மாதிரியே இருக்கிறது என்று பட்டறையில் வந்து சொன்னான்.

"ஏண்டா மாப்ளே, சாமியாராப் போறியா? போறதுன்னா உன் சீப்பை எனக்குக் குடுத்துட்டுப் போ" என்றான் பக்கத்தில் நின்றவன்.

"சீப்பு குடுத்துடுவான். பொண்டாட்டியை என்ன பண்ணுவான்?" என்றான் இன்னொருவன்.

அவனுக்குப் புரியாததையெல்லாம் புரியவைத்தது ரூஃபீனோ சாமி. அந்த மடத்தில் இறையியல் சொல்லிக்கொடுப்பவர். வெள்ளை அங்கி, மேலே கருப்புப் போர்வை, ஒடிசலான உடம்பு. எதையும் மூன்றாகப் பிரித்துச் சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பாடம் முடிந்ததும் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று, அன்றைய வாதத்தை நம் தெருப் பேச்சில் ரிஸ்தோரோவுக்குச் சொல்வார். இவன் அதை அப்படியே கொண்டுபோய்ப் பாட்டாக்கிவிடுவான்.

பாடுவதற்கு இடம் இருந்தது. அந்த மடத்துக் கோயிலில்தான் எங்கள் பாடகர் சபை கூடும். செருப்புத் தைக்கிறவன், மருந்துக்கடைக்காரன், கம்பளிக்காரன் எல்லோரும் மாலை ஆராதனை முடிந்ததும் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுத்திரி பிடித்துக்கொண்டு சொந்த மொழியில் பாடுவார்கள். பெண்கள் பின்னால் நின்று சேர்ந்துகொள்வார்கள். லத்தீனில் பூசை கேட்டுக் கொட்டாவி விட்ட வாயெல்லாம் அப்போது திறக்கும். ஆன்மாவுக்கு எத்தனை சக்தி, சித்தம் பெரிதா புத்தி பெரிதா என்று மத்தியானம் துறவிகள் மண்டையை உடைத்துக்கொண்டதை, சாயங்காலம் ரிஸ்தோரோவின் பாட்டில் மீன்காரி பாடிக்கொண்டிருப்பாள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லையென்று சொல்வதற்கில்லை.

அவன் பாட்டுகளிலேயே ஊர் வாயில் ஒட்டிக்கொண்டது பன்னீர்ப் பாட்டுதான். மாதா திருநாளன்று படத்துக்கு முன் பன்னீர் தெளிப்பது சபையின் வழக்கம். அதற்கென்று, மாதா தன் தெய்வக் குழந்தையைப் பன்னீரில் குளிப்பாட்டியதாகக் கட்டியது.

கிணறு உறைந்த இரவில் எங்கள் அம்மா
பன்னீர் ஊற்றிக் குளிப்பாட்டினாள்;
கடவுளைக் கழுவிய அந்தப் பன்னீர்
எந்தக் குழந்தையின் கறையையும் கழுவும்.

புதுப் பாட்டு எதுவானாலும் மடத்தில் ஒருவர் கேட்டுச் சரி சொன்ன பிறகுதான் பாட வேண்டும் என்பது சபையின் விதி. ரூஃபீனோ சாமி கேட்டார்.

"எந்த மறைநூல்லயும் இது இல்லையேப்பா."

"இல்லதான் சாமி. நானாச் சொன்னதுதான். ஆனா கேக்க நல்லா இருக்குல்ல?"

சாமி சிரித்துவிட்டார். "அறிவுன்னு வரிசைப்படுத்தினா கவிதை கடைசிப் படி. அதுல உண்மை ரொம்பக் கொஞ்சம்னு படிச்சவன் எல்லாருக்கும் தெரியும். இதை வெச்சு யாரும் வாதம் பண்ணப் போறதில்ல. பாடிட்டுப் போங்க."

ரிஸ்தோரோவுக்கு முகம் சுருங்கியது. கடைசிப் படியா? இருந்தாலும் சரி என்று சொல்லிவிட்டாரே, அது போதும் என்று வந்துவிட்டான். அந்தக் கோடை முழுவதும் ஆற்றங்கரையில் துணி துவைக்கிறவர்கள் அதைத்தான் பாடினார்கள்.

அவன் மனைவி தெஸ்ஸா வீட்டில் நூல் நூற்பவள். பேச்சு சுருக்கமாக இருக்கும், ஆனால் சுருக்கென்று தைக்கும். கல்யாணமாகி வருஷங்கள் போயும் வயிறு திறக்கவில்லை. திறக்காது என்று ஊரே தீர்மானித்த பிறகு திறந்தது. பட்டறையில் அன்றிலிருந்து பந்தயம். கருப்பா, வெள்ளையா?

எங்கள் ஊரில் பிறக்கிற குழந்தை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு ஞானஸ்நானத் தொட்டிதான், புனித ஜோவான்னி கோயிலில். ஆண் என்றால் சாமியார் பெட்டியில் ஒரு கருப்பு மொச்சையைப் போடுவார், பெண் என்றால் வெள்ளை. வருஷக் கடைசியில் மொச்சையை எண்ணினால் ஊர் எவ்வளவு பெருத்தது என்று தெரிந்துவிடும். ரிஸ்தோரோ கறிக்கடைக்குப் பக்கத்துத் தானியக்காரியிடம் நல்ல கருப்பு மொச்சையாக ஒன்றைப் பொறுக்கி இடுப்புப் பையில் போட்டுக்கொண்டான். பெட்டியில் விழுவது சாமியார் கையில் உள்ள மொச்சை, தன்னுடையது இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் வைத்துக்கொண்டான்.

"பொண்ணு பொறந்தா அதை வறுத்துத் தின்னுங்க" என்றாள் தெஸ்ஸா.

திராட்சை பறிக்கிற மாதத்தில், நாள் வருமுன்பே வலி கண்டுவிட்டது. கிசோலாக்காவை அழைத்து வந்தார்கள். பருத்த உடம்பும் கணீரென்ற குரலும் உள்ளவள். எங்கள் பேட்டையில் பாதிப் பேரை இந்த உலகத்துக்கு இழுத்துப் போட்டது அவள் கைதான். சபையில் பெண்கள் பக்கம் நின்று பாடினால் முன்வரிசை ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

குழந்தை வெளியே வந்தபோது நீலமாக இருந்தது. ஆண் குழந்தை. அழவில்லை, மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது. சாமியாரைக் கூப்பிட நேரமில்லாத இடத்தில் மருத்துவச்சியே ஞானஸ்நானம் கொடுக்கலாம், கொடுத்தாக வேண்டும். கிசோலா சுற்றிப் பார்த்தாள். கால்மாட்டில் வெந்நீர் அண்டா இருந்தது. அதில் ரத்தத் துணிகள் மிதந்தன. தலைமாட்டில் தெஸ்ஸாவின் நெற்றியைத் துடைப்பதற்கு மருந்துக்கடையிலிருந்து வாங்கிய பன்னீர்க் குப்பி இருந்தது. ரத்தத் தண்ணீரையா கடவுளுக்குக் கொடுப்பது? அவள் குப்பியை எடுத்தாள். குழந்தையின் தலையில் மூன்று முறை ஊற்றினாள். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைத் தடுமாறாமல் சொன்னாள். ஜோவான்னி என்று பெயர் வைத்தாள். ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

"அழாத கண்ணு. நேரா மாதா மடியிலதான் போய் விழுந்திருக்கான். வெறும் தண்ணியில இல்ல, பன்னீருல குடுத்திருக்கேன்" என்றாள் கிசோலா, தெஸ்ஸாவின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு.

தெஸ்ஸாவும் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள். உள்ளே வந்த ரிஸ்தோரோவுக்கும் அதுதான் ஆறுதலாக இருந்தது. பிள்ளை இல்லை, ஆனால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. அப்படி நினைத்துக்கொண்டு அவர்கள் இருந்தது பங்குச் சாமியார் வருகிற வரைக்கும்தான்.

அடக்கத்துக்கு எடுப்பதற்கு முன் அவர் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். யார் கொடுத்தது, என்ன வார்த்தை சொன்னாய், எதை ஊற்றினாய்? கிசோலா பெருமையாகவே பதில் சொன்னாள். சாமியாரின் முகம் மாறியது. எனக்கு இது நிச்சயமில்லை, மடத்தில் கேட்கிறேன் என்று போனார். திரும்பி வந்தது அவர் இல்லை, ரூஃபீனோ சாமி. அவரே நடந்து வந்திருக்கிறார் என்றதுமே ரிஸ்தோரோ எழுந்து நின்றான்.

ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் அவர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் பொய் சொல்ல அவருக்கு வராது.

"தண்ணிதான் வேணும். கிணத்துத் தண்ணி, ஆத்துத் தண்ணி, மழைத்தண்ணி, துணி துவைக்கிற சாம்பல் தண்ணிகூடச் சரி. பூவைக் காய்ச்சி எடுக்கறது தண்ணி இல்ல. ஒயினும் பாலும் எப்படித் தண்ணி இல்லையோ, அப்படித்தான் இதுவும். ஞானஸ்நானம் நடக்கல."

தெஸ்ஸாதான் கேட்டாள். "அந்த அண்டாவுல இருந்ததே, அது?"

சாமி அண்டாவைப் பார்த்தார்.

"அது போதும்மா. ரத்தம் கலந்திருந்தாலும் அது தண்ணிதான்."

கிசோலாவின் பெரிய உடம்பு அப்படியே சுவரில் சாய்ந்தது. "கடவுளைக் கழுவின பன்னீருன்னு..." என்றாள். "எந்தக் குழந்தையோட கறையையும் கழுவும்னு... பாட்டுல இருக்கே. நீங்க எல்லாம்தானே பாடினீங்க. அவருதானே எழுதினாரு."

அப்போதுதான் எல்லோரும் ரிஸ்தோரோவைப் பார்த்தார்கள். தெஸ்ஸா மட்டும் பார்க்கவில்லை.

ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்குள் இடமில்லை. கம்பளி சுமக்கிற கூடையில் வைத்து எடுத்துப்போய், வெளிச்சுவரை ஒட்டி வயல் ஆரம்பிக்கிற இடத்தில் ரிஸ்தோரோ தன் கையாலேயே புதைத்தான். மணி அடிக்கவில்லை. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகள் போகிற இடம் நரகத்தின் மேல் விளிம்பு என்பது அவனுக்குத் தெரியும். அங்கே நெருப்பு இல்லை, வலி இல்லை, கடவுளின் முகமும் இல்லை. அதைப் பற்றிக்கூட ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறான். நல்ல பாட்டு என்று சபையில் பேர் வாங்கியது அது.

அதன் பிறகு தெஸ்ஸா அவனோடு பேசவில்லை. சாப்பாடு வேளைக்கு வந்தது. அவரைக்காய்க் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றி முன்னால் வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு கதிரில் நூல் நூற்பாள். கிசோலா கதவைச் சாத்திக்கொண்டாள். பிரசவத்துக்கு யார் வந்து கூப்பிட்டாலும் என் கை ஆகாது என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பினாள். சபையில் பன்னீர்ப் பாட்டை நிறுத்திவிட்டார்கள். தெருவில் யார் நிறுத்துவது? ரொட்டிச் சூளையில் பாடினார்கள், சாயப்பட்டறையில் பாடினார்கள். ஒருநாள் ஆற்றங்கரையில் இவன் போய் "நிறுத்துங்க, அது பொய்" என்று கத்த, துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். சொந்தப் பாட்டு தெருத்தெருவாய்த் துரத்தினால் ஒருவனுக்கு எங்கேதான் போக முடியும்? பட்டறையில் கூடக் கேலி நின்றுவிட்டது. அது கேலியைவிடக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் மடத்துக்குப் போனான். கிணற்றடியில் ரூஃபீனோ சாமி நின்றிருந்தார்.

"நீங்கதானே சாமி பாடலாம்னு சொன்னீங்க."

"ஆமா."

"கடைசிப் படி, யாரும் இதை நம்ப மாட்டாங்கன்னு சொன்னீங்க."

"படிச்சவன் நம்ப மாட்டான்னு நினைச்சேன். மத்தவங்களை நினைக்கல." சாமி கிணற்றுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "கவிதையில உண்மை கொஞ்சம்னு எனக்குச் சொல்லிக்குடுத்தாங்க. அது எவ்வளவு தூரம் போகும்னு யாரும் சொல்லிக்குடுக்கல."

அவரை இரண்டு வார்த்தை திட்டிவிட்டு வரலாம் என்றுதான் ரிஸ்தோரோ போயிருந்தான். திட்ட முடியவில்லை. அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் தெஸ்ஸா வாயைத் திறந்தாள், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மடத்துக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அடுத்த தடவை போறப்ப ஒண்ணு கேட்டுட்டு வாங்க. அவன் எங்க இருக்கான்னு கேக்க வேணாம், அது தெரியும். நான் செத்து ஒருவேளை மேல போயிட்டா, அவன் இல்லாத எடத்துல நான் என்ன பண்ணுவேன்? அதைக் கேளுங்க."

ரிஸ்தோரோ மறுநாளே கேட்டான். ரூஃபீனோ சாமி நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

"நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு உனக்குத் தோணும். திருவருகைக் காலத்துல வெளியூர்லேர்ந்து பெரிய ஆசான் ஒருத்தர் வர்றார். வருஷத்துல ரெண்டு தடவை, யார் வேணா எதை வேணா கேக்கலாம்னு வாதச் சபை கூடும். உனக்குத் தெரியுமே. எழுந்து நின்னு கேளு. நான் லத்தீன்ல சொல்றேன்."

குளிர் காலத்தில் அந்த வாதச் சபை கூடியது. கூடம் நிறைந்திருந்தது. முதலில் ஒரு மாணவன் தேவதூதர் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும்போது நடுவில் உள்ள இடத்தைக் கடக்கிறாரா என்று கேட்டான். ஒரு வணிகன், மழை வந்து விலை இறங்கும் என்று தெரிந்தவன் அதைச் சொல்லாமல் தானியத்தை இன்றைய விலைக்கு விற்கலாமா என்று கேட்டான். ஆசான் கிழவர். இருமல் அவரை நிம்மதியாகப் பேசவிடவில்லை. பின்வரிசையில் ரூஃபீனோ சாமி தலையை அசைக்க, ரிஸ்தோரோ எழுந்தான். கையில் எண்ணெய் வாசனை. கூடத்தில் நம் தெருப் பேச்சு கேட்டதும் மாணவர்கள் சிரித்தார்கள். ஆசான் கையை உயர்த்தியதும் சிரிப்பு நின்றது.

"ஒரு அம்மா மோட்சத்துக்குப் போறா. ஞானஸ்நானம் இல்லாம செத்த அவ பிள்ளை அங்க இல்ல. அவளுக்கு அது தெரியுமா? தெரிஞ்சா துக்கப்படுவாளா?"

ரூஃபீனோ சாமி அதை லத்தீனில் சொன்னார். பிறகு வாதம் ஆரம்பித்தது. துக்கப்படுவாள் என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் பாசம் மோட்சத்தில் அழிவதில்லை, பாசம் இருக்குமிடத்தில் ஏக்கமும் இருக்கும் என்றான் ஒருவன். பக்கத்தில் நின்ற ஒரு இளந்துறவி ரிஸ்தோரோவின் காதில் நம் பேச்சில் ஒவ்வொன்றாகச் சொன்னான். துக்கப்பட மாட்டாள், ஏனென்றால் அவளுக்குத் தெரியவே தெரியாது என்றான் இன்னொருவன். தெரியாமல் போகாது, மோட்சத்தில் அறியாமை இல்லை என்று மூன்றாமவன் அவனை மடக்கினான். கேட்கக் கேட்க ரிஸ்தோரோவுக்குக் கோபம் வந்தது. தன் பிள்ளையை இவர்கள் சீப்பில் மாட்டிச் சீவுகிறார்கள் என்று தோன்றியது. முன்பு மீன்காரியின் செத்த பிள்ளைகளையும் செருப்புக்காரன் பிள்ளைகளையும் தானும் இப்படித்தானே அந்த நரக விளிம்புப் பாட்டில் மாட்டினான் என்றும் தோன்றியது.

முடிவு சொல்வது மறுநாள். ஆசான் லத்தீனில் நெடுநேரம் பேசினார். பேசி முடித்துவிட்டுப் பின்வரிசையைத் தேடி, ரிஸ்தோரோவைப் பார்த்து, தன் ஊர் உச்சரிப்பில் நம் பேச்சிலேயே சொன்னார்.

"அம்மாவுக்குத் தெரியும்ப்பா. மறக்க மாட்டா. பாசமும் போகாது. ஆனா துக்கம் இருக்காது. கடவுள் எதை விரும்பறாரோ அதையே அவளும் விரும்புவா, அதுதான் மோட்சம். குழந்தைக்கும் துக்கம் இல்ல. தனக்கு எது கிடைக்கலைன்னு அதுக்குத் தெரியாது. ஆத்து மீன் மலை ஏற முடியலையேன்னு ஏங்குறதில்ல. இதுக்கு மேல என்னால சொல்ல முடிஞ்சா சொல்லுவேன்."

பாலத்தில் நின்று ரிஸ்தோரோ அந்தப் பதிலைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எங்கேயாவது ஒரு சிக்கு இருக்காதா என்று தேடினான். இல்லை. சுத்தமாகச் சீவியிருந்தார் கிழவர்.

வீட்டுக்குப் போய்த் தெஸ்ஸாவிடம் சொன்னான். கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அழகாக்க ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினான். கதிர் நின்றது.

"அவன் அழ மாட்டான்."

"மாட்டானாம்."

"நான் அங்க போனா நானும் அழ மாட்டேன்."

"மாட்டியாம்."

தெஸ்ஸா கதிரை மடியில் வைத்தாள். "அப்போ அவனுக்காக அழறதுக்குன்னு இருக்கறது இந்த எடம் ஒண்ணுதான். இங்க இருக்கற வரைக்கும்தான்." அவன் பக்கம் திரும்பினாள். "அதையாவது ஒழுங்காப் பண்ணணும். இப்படி மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஆளுக்கொரு மூலையில உக்காந்து இல்ல."

புதைத்த நாளிலிருந்து இருவரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து, முகத்தை அவள் மடியில் இருந்த கம்பளிக் குவியலில் புதைத்துக்கொண்டு குலுங்கினான். என்னை மன்னிச்சிடு என்று அவன் சொன்னான். அவள் அவன் தலையில் கை வைத்தாள், அவ்வளவுதான்.

அவன் இனிப் பாட்டே கட்டுவதில்லை என்றுதான் இருந்தான். பட்டறையில் சீப்பு இழுக்கும் சத்தத்தோடு சத்தமாக அது தானாக வந்தது. அம்மா பாடுகிற பாட்டு. மடத்துக்குக் கொண்டுபோனான்.

அங்கே உனக்கு வலியில்லை கண்ணே,
அங்கே எனக்கும் அழுகையில்லை;
அழுவதற்கு இந்த ஊர்தான் உண்டு,
அழுது முடித்துவிட்டு வருகிறேன்.

ரூஃபீனோ சாமி இந்த முறை சிரிக்கவில்லை. மூன்று தரம் பாடச் சொல்லிக் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒவ்வொரு வரியையும் பாடசாலையில் கேள்வியை எடுத்து வைக்கிற மாதிரி எடுத்து வைத்து, இதற்கு எதிராக என்ன சொல்லலாம் என்று யோசித்தார். முதல் மூன்று வரிக்கும் தலையாட்டினார்.

"கடைசி வரி ஆகாது."

"ஏன் சாமி?"

"வருகிறேன்னா எங்க வர்றா? அவன் இருக்கற எடத்துக்கு அவ வர முடியாது. அவ இருக்கற எடத்துக்கு அவன் வர முடியாது. 'போகிறேன்'னு வை."

"செத்த பிள்ளைகிட்ட ஒரு அம்மா போறேன்னு சொல்லுவாளா? வீட்டை விட்டுக் கடைக்குப் போனாக்கூட நாம வரேன்னுதானே சொல்றோம். பாட்டுதானே சாமி. ஒரே ஒரு வார்த்தை."

"போன தடவை பாட்டுதானேன்னு விட்டேன். இனிமே எந்தப் பாட்டையும் அப்படி விட மாட்டேன். என்னைக் கேக்காத ரிஸ்தோரோ. விடறதுக்கு எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

வழியெல்லாம் சாமியைச் சபித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். தெஸ்ஸாவிடம் பாடிக்காட்டி, நடந்ததையும் சொன்னான். அவள் தன் பக்கம் நிற்பாள் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

"மாத்துங்க."

"தெஸ்ஸா..."

"கேக்கறதுக்கு நல்லா இருக்கற பொய் ஒண்ணு இந்த வீட்டுக்கு வந்தது போதும். மாத்துங்க."

மெழுகுத்திரித் திருநாள் மாலையில் சபை அதைப் பாடியது. ஒவ்வொருவர் கையிலும் திரி. எங்கள் பேட்டையில் குழந்தையைப் புதைக்காத வீடு எது? கல்லறைத் தோட்டத்துக்குள்ளே புதைத்தவர்களும் அழுதார்கள், வெளிச்சுவரோரம் புதைத்துவிட்டு இதுவரை வாயே திறக்காதவர்களும் அழுதார்கள். கடைசி வரி வந்தபோது ரிஸ்தோரோவுக்குக் குரல் எழவில்லை. பெண்கள் பக்கமிருந்து தெஸ்ஸாவின் குரல் மட்டும், ராகம்கூடச் சரியில்லாமல், 'போகிறேன்' என்று முடித்தது. ரூஃபீனோ சாமி தூண் மறைவில் போய் நின்றுகொண்டார்.

கோயில் வாசலுக்கு வெளியே, உள்ளே வர மனமில்லாமல் கிசோலா நின்றிருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. தெஸ்ஸா நேராக அவளிடம் போனாள். சுற்றியிருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

"எனக்கு மறுபடியும் ஆச்சுன்னா நீதான்க்கா வரணும்."

"என் கையை நம்புவியா கண்ணு?"

"உன் கை என்னக்கா பண்ணுச்சு? இருக்கறதுலேயே நல்லதை எடுத்துக் குடுத்துச்சு. தண்ணிக்குடத்தை நான் தலைமாட்டுல வெச்சிருப்பேன்."

கிசோலா அதற்குப் பிறகு போகாத பிரசவம் இல்லை. இடுப்பில் கிணற்றுத் தண்ணீர் நிரம்பிய ஒரு சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டுதான் வாசற்படி தாண்டுவாள். ரிஸ்தோரோ மடத்துப் பாடசாலைக்கு மறுபடி போனான், பின்வரிசையில் நின்றான். பாட்டுகளும் கட்டினான். ஆனால் எண்ணிக்கை குறைந்துவிட்டது. கேட்க நல்லா இருக்குல்ல என்று அவன் யாரையும் கேட்டதாக அப்புறம் நினைவில்லை. பன்னீர்ப் பாட்டு மட்டும் சாகவில்லை, இன்னும் யாராவது ரொட்டிச் சூளைப் பக்கம் அதை முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்துத் தெஸ்ஸாவுக்குப் பெண் பிறந்தது. பிறந்ததும் பேட்டையே கேட்கிற மாதிரி கத்தியது. குடுவைத் தண்ணீருக்கு வேலையே இல்லை. உடம்பு தேறியதும், குழந்தையின் ஞானத்தாய் கிசோலாவே தூக்கிக்கொள்ள, புனித ஜோவான்னி கோயிலுக்குப் போனார்கள். தொட்டித் தண்ணீர் தலையில் பட்டதும் பெண் இன்னொரு கத்து கத்தினாள். சாமியார் பெட்டியில் வெள்ளை மொச்சையைப் போட்டார். டக்கென்று சத்தம் கேட்டது. ரிஸ்தோரோவின் கை இடுப்புப் பைக்குள்ளேயே இருந்தது. தெஸ்ஸா அதைக் கவனித்தாள்.

திரும்பும்போது அவள் வீட்டு வழியில் திரும்பவில்லை. கல்லறைத் தோட்டத்து வெளிச்சுவரோரம் போய் நின்றாள். மேட்டில் புல் வளர்ந்திருந்தது. கையை நீட்டினாள்.

"குடுங்க."

ரிஸ்தோரோ பையிலிருந்து அந்தக் கருப்பு மொச்சையை எடுத்துக் கொடுத்தான். வியர்வையில் பளபளவென்று தேய்ந்திருந்தது. தெஸ்ஸா மண்டியிட்டு, விரலால் மண்ணில் குழி பறித்து அதை வைத்து மூடினாள். முளைக்கிற மொச்சை இல்லை அது, அவளுக்கும் தெரியும்.

"பெட்டியில யாரும் அவனை எண்ணல. நாம எண்ணிக்குவோம்" என்றாள்.

பிறகு குழந்தையைக் கிசோலாவிடமிருந்து வாங்கிக்கொண்டு, சுவரைப் பார்த்து, சத்தம் வராமல் உதடு மட்டும் அசைய ஒரு வார்த்தை சொன்னாள். ரிஸ்தோரோ பக்கத்தில்தான் நின்றான். அவள் சொன்னது போகிறேன் என்றுதான்.